மகளுக்குக் குதிரையேற்றம்: கடற்கரையா, கோடை முகாமா, கிளப்பா, பக்கத்து லாயமா?

என் மகளுக்கு எட்டு வயது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெசன்ட் நகர் கடற்கரையில் குதிரையில் ஒரு சுற்று போய்விட்டு இறங்கியவள், "அப்பா, அந்த அண்ணன் கயிறைப் பிடிக்காம நானே ஓட்டணும். அதை எங்க கத்துக்குடுப்பாங்க?" என்று கேட்டாள். நீச்சலுக்கோ பரதத்துக்கோ இப்படிக் கேட்டிருந்தால் சென்னையில் தெருமுனையிலேயே பதில் கிடைத்திருக்கும். குதிரைக்கு அப்படி இல்லை. நானும் மனைவியும் ஏழெட்டு இடங்களை நேரில் பார்த்து, மூன்று இடங்களில் மகளை ஏற்றிப் பார்த்து, ஓர் இடத்தில் கட்டிய பணத்தையும் விட்டுவிட்டு வந்த பிறகுதான் எங்களுக்கு ஒரு தெளிவு வந்தது. அதே தேடலில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைக்கு முதல் வருஷம் தேவை மூன்றுதான். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஒரு லாயம், அங்கே வயதான சாந்தமான ஒரு குதிரை, குதிரையை நீளக் கயிற்றில் பிடித்துத் தன்னைச் சுற்றி வட்டமாக வரவிட்டு, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாஸ்டர். பெரிய கிளப், கோடை முகாம், வெளியூர்ப் பயிற்சி எல்லாம் அதற்கப்புறம்.

கடற்கரைச் சவாரியைப் பயிற்சியின் முதல் படி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கடிவாளம் கடைசி வரை குதிரைக்காரர் கையில்தான் இருக்கும். பிள்ளை சேணத்தின் முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கால், அதை ஊன்றும் வளையமான அங்கவடிக்கு எட்டாது, தலையில் ஹெல்மெட் இருக்காது. கொடைக்கானல் ஏரிச் சாலையிலும் ஊட்டியிலும் இதே கதைதான். அதில் ஒன்றே ஒன்று தெரியவரும்: அந்த உயரம் பிள்ளைக்குப் பயமா, சந்தோஷமா என்பது. அதற்கு ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பப் போனால் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பழக்கம்தான் வரும், அதை மறக்கடிக்க மாஸ்டருக்கு ஒரு மாதம் ஆகும். மெரினா மணலில் ரோந்து வரும் போலீஸ் குதிரைகளைக் கண்டால் நின்று காட்டுங்கள். மேலே இருப்பவர் எதையும் பிடித்துத் தொங்காமல், முதுகு நிமிர்ந்து, கையைத் தாழ்வாக வைத்து வருவார். பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியது அந்த இருப்பைத்தான்.

"கிண்டி ரேஸ் கோர்ஸ்ல கேட்டுப் பாத்தீங்களா?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டார்கள். பந்தய மைதானம் வேறு, பயிற்சிப் பள்ளி வேறு. அந்த நிலத்தையும் 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் பந்தயத்துக்கும் நம் பிள்ளைகளின் வகுப்புக்கும் வேறு வழியில் ஒரு தொடர்பு இருக்கிறது. இந்தியாவில் பயிற்சிப் பள்ளிகளில் நிற்கும் குதிரைகளில் கணிசமானவை பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் இனத்தவை. இது எவ்வளவு முக்கியமான விஷயம் என்பது எங்களுக்கு ஒரு காலையில் புரிந்தது.

ஊருக்குச் சற்று வெளியே ஓர் இடம். பெயர் வேண்டாம். பார்க்க அழகாக இருந்தது, வெள்ளை வேலி, பச்சைப் புல். பன்னிரண்டு வகுப்புக்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டோம். முதல் நாளே ஒரு பழுப்பு நிறக் குதிரையில் ஏற்றினார்கள். குதிரையின் உயரத்தைக் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில்தான் அளப்பார்கள். கணக்கு 'கை', ஒரு கை என்றால் 4 அங்குலம். அந்தக் குதிரை 16 கை, அதாவது 64 அங்குலம். என் மகள் 50 அங்குலம். பக்கத்தில் நின்றால் குதிரையின் முதுகு அவள் தலைக்கு மேலே ஓர் அடி இருந்தது.

இரண்டு சுற்று கூடவே நடந்த மாஸ்டர், வேறு ஒரு பெற்றோர் கூப்பிட்டதும் கயிற்றைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். ரோட்டில் போன தண்ணி லாரி ஹாரன் அடித்தது. குதிரை காதை நிமிர்த்தி வேகமெடுத்தது. பயந்துபோன மகள் இரண்டு கடிவாள வாரையும் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். அது இன்னும் வேகமாகப் போனது. தாடைப் பட்டை தளர்வாக இருந்ததால் ஹெல்மெட் சரிந்து அவள் கண்ணை மறைத்துவிட்டது. குதிரைக்காரப் பையன் ஒருவன் குறுக்கே ஓடி, கையை விரித்து நின்று நிறுத்தினான். அடி எதுவும் படவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் பேசவில்லை. அந்தப் பையனுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

இழுத்தால் ஏன் வேகமாக ஓடியது என்பதை வேறொரு மாஸ்டர்தான் பிறகு விளக்கினார். பந்தயக் குதிரை வாரின் இழுவையில் சாய்ந்துகொண்டு ஓடிப் பழகியது. இழு என்றால் அதற்கு நில் என்று அர்த்தமில்லை, ஓடு என்றுகூட அர்த்தமாகலாம். பந்தயத்தை விட்ட பிறகு மாதக்கணக்கில் மறுபயிற்சி கொடுத்தால் தரோபிரெட்டும் தங்கமான பயிற்சிக் குதிரை ஆகும், அப்படிப்பட்டவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த மறுபயிற்சி நடந்ததா என்பதுதான் கேள்வி. அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேளுங்கள்: என் பிள்ளைக்கு எந்தக் குதிரை? அதற்கு என்ன வயது? இங்கே வந்து எத்தனை வருஷம் ஆகிறது? 14.2 கைக்கு, அதாவது 14 கையும் 2 அங்குலமும் சேர்ந்த 58 அங்குலத்துக்கு, மேல் போகாதவற்றைப் போனி என்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அளவு நல்லது. போனியே இல்லாத இடமானால், பத்துப் பதினைந்து வயது தாண்டிய, எதற்கும் அலட்டிக்கொள்ளாத குதிரை ஒன்றாவது இருக்க வேண்டும். "எல்லாக் குதிரையும் சாதுதான் சார்" என்று பொதுவாகப் பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். குதிரையின் குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்தது கோடை முகாம். ஏப்ரல், மே வந்தால் இருபது நாளில் கற்றுக்கொடுக்கிறோம் என்று அறிவிப்புகள் வரும். எனக்கு இதில் இரண்டு தயக்கம். ஒன்று கணக்கு. ஒரு மணி நேர வகுப்பில் எட்டுப் பிள்ளைகள், இரண்டு குதிரைகள் என்று வையுங்கள். ஆளுக்குக் குதிரை மேல் கால் மணி நேரம், அதிலும் ஏறி இறங்கும் நேரம் போக மிச்சம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதனால் கட்டணத்தை வகுப்புக்கு இவ்வளவு என்று பார்க்காமல், சேணத்தில் உட்காரும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த முகாம், தனி வகுப்பைவிட விலை கூடுதலாக இருப்பது தெரியவரும்.

இரண்டாவது வெயில். அக்கினி நட்சத்திரத்தில் காலை எட்டரைக்கே மைதான மணல் காந்த ஆரம்பித்துவிடும். குதிரையும் நம்மைப் போல வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது, ஆனால் நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பு அது, சென்னையின் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது. அந்த வெயிலில் வரிசையாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது பிள்ளைக்கும் நல்லதில்லை, அந்த வாயில்லா ஜீவனுக்கும் நல்லதில்லை. ஆரம்பிக்க நல்ல மாதம் என்று கேட்டால் தை மாதத்தைத்தான் சொல்வேன். மழை ஓய்ந்திருக்கும், மைதானம் காய்ந்திருக்கும், வெயில் ஏறுவதற்குள் மூன்று மாதப் பயிற்சி கைக்கு வந்துவிடும். அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பல வகுப்புகள் நடக்காது. அப்படி ரத்தாகும் வகுப்புக்கு மாற்று உண்டா என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். முகாமுக்கு ஒரு நல்ல பயனும் இருக்கிறது. பிள்ளையின் ஆர்வம் நிஜமா, ஒரு வாரத்து ஆசையா என்று சந்தேகம் இருந்தால், முகாமின் முதல் வாரத்திலேயே விடை தெரிந்துவிடும்.

இனி நாங்கள் சேர்த்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீடு மேடவாக்கத்தில். சோழிங்கநல்லூர் வழியாக அக்கரைக்கு வந்து ஈசிஆரைப் பிடித்தால், காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி ஆறரைக்குள் போய்விடலாம். ஆறு குதிரைகள், தகரக் கூரை, மரநிழல். வெள்ளை வேலி கிடையாது. முதல் நாள் நாங்கள் போனபோது மாஸ்டர் மகளைக் குதிரையில் ஏற்றவே இல்லை. லாயத்துக்குக் கூட்டிப்போய், "முன்னாடி நேரா போகாத. அதுக்கு மூக்குக்கு நேரா இருக்கறது தெரியாது. பின்னாடியும் போகாத. தோள் பக்கமா, பேசிக்கிட்டே வா" என்றார். குதிரையின் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் அதற்குத் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும்தான் பார்வை விழாது. அப்புறம் ஒரு கேரட் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களைச் சேர்த்துத் தட்டையாக நீட்டச் சொன்னார். அங்கே நின்ற ஒரு வெள்ளைக் குதிரை மேல் உதட்டால் துழாவி, பல் படாமல் எடுத்துக்கொண்டது. கை முழுக்க ஈரம். மூச்சுக் காற்று முழங்கை வரை சூடாக வந்ததாம். பழைய இடத்தில் நடந்ததற்குப் பிறகு குதிரை என்ற பேச்சையே எடுக்காதவள், அன்றைக்குத்தான் மறுபடி சிரித்தாள்.

அடுத்த ஆறு வாரமும் வட்டக் கயிறுதான். லஞ்சிங் என்பார்கள். மாஸ்டர் நடுவில் நின்று நீளமான கயிற்றைப் பிடித்திருக்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமாக வரும். ஓட்டும் பொறுப்பு அவருடையது, உட்காரும் வேலை மட்டும்தான் பிள்ளைக்கு. முதலில் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நடை. பிறகு அங்கவடியைக் கழற்றிவிட்டு நடை. "கால் தொங்குது மாஸ்டர்" என்றாள். "தொங்கட்டும். மன்றோ சிலையைப் பாத்திருக்கியா?" என்று கேட்டார் அவர்.

தீவுத்திடல் பக்கம் அண்ணா சாலையில் நிற்கிறதே, வெள்ளைக்காரர் காலத்து மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலை, அதைத்தான் சொன்னார். பிரான்சிஸ் சான்ட்ரி என்ற சிற்பி வடித்து 1839-இல் இங்கே நிறுத்தியது. அந்தக் குதிரைக்குச் சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். எப்படி இருந்தாலும், அங்கவடி இல்லாமல் உட்காரப் பழகியவன்தான் அங்கவடி நழுவினாலும் விழமாட்டான் என்பது இந்தப் பயிற்சியின் அடிப்படை. மகளுக்கு இப்போது அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் மன்றோவின் குதிகால் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது வேலை.

டிராட் என்ற துள்ளு நடை மூன்றாவது மாதம்தான் வந்தது. நடைக்கு நான்கு தாளம், டிராட்டுக்கு இரண்டு, கேண்டர் என்ற பாய்ச்சலுக்கு மூன்று. இரண்டு தாளத்துக்கு ஏற்ப எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து வரவேண்டும். பரதம் கற்ற பிள்ளை என்பதால் தாளம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது என்று நான் நினைக்கிறேன். ஒரு நாள் காலையில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தவள் திடீரென்று குதிரையோடு சேர்ந்து எழுந்து அமர ஆரம்பித்தாள். மாஸ்டர் எதுவும் சொல்லாமல் கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டார்.

பெரிய கிளப்புகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அகலமான மைதானம், தாண்டும் தடைகள், ஒன்று சரிப்படாவிட்டால் இன்னொரு குதிரை, போட்டிகளில் பங்கெடுத்த பயிற்சியாளர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். டிரெஸ்ஸாஜ் என்ற நுணுக்கப் பயிற்சிக்குப் போட்டி மைதானம் 20 மீட்டருக்கு 40 அல்லது 60 மீட்டர் இருக்க வேண்டும், சிறிய லாயத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி டிரெஸ்ஸாஜில் தங்கம் வாங்கியது, 41 வருஷத்துக்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த தங்கம் அது. அதைப் பார்த்துவிட்டு என் பிள்ளையும் ஒரு நாள் என்று ஆசைப்படும் பெற்றோருக்கு, போட்டிப் பயிற்சி தரும் பெரிய இடம் தவிர வேறு வழியில்லை. ஆனால் எட்டு வயதில், நடையும் டிராட்டும் கற்கும் பிள்ளைக்கு, அந்த வசதிகளில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படாது. நாங்கள் பார்த்த ஒரு கிளப் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஞாயிறு விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி, காரில் தூங்க வைத்து, குதிரையில் ஏற்றி, திரும்பி வந்து படுக்க வைக்க வேண்டும். இரண்டு மாதம் செய்வோம், மூன்றாவது மாதம் நாமே சாக்குத் தேடுவோம். வாரம் தவறாமல் போவதுதான் இந்தக் கலையில் பாதி. தூரம் அதைக் கெடுக்கும்.

கிளப்பில் பணம் கேட்கும் விதமும் வேறு. நுழைவுக் கட்டணம், உறுப்பினர் சந்தா, அதற்கு மேல் வகுப்புக் கட்டணம் என்று மூன்று அடுக்கு இருக்கலாம். மூன்றையும் கூட்டி, வருஷத்துக்கு நிஜமாகப் போகக்கூடிய வகுப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எங்கே சேர்த்தாலும் முதல் மாதம் வகுப்புக்கு வகுப்பு பணம் கொடுங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள். நாங்கள் கட்டிய பன்னிரண்டில் பதினொன்று போனது போனதுதான், திருப்பித் தரவில்லை.

வெளியூர் என்றால் ஆரோவில்லில் ரெட் எர்த் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, சென்னையிலிருந்து மூன்று மணி நேரம். பெங்களூரில் எம்பசி பள்ளி இருக்கிறது. 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கி, டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பங்கெடுத்த ஃபவாத் மிர்சா பெங்களூர்க்காரர். ஒரு வருஷம் இங்கே உட்காரக் கற்ற பிள்ளையை விடுமுறையில் ஒரு வாரம் அந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிப்போனால், ஊரில் மூன்று மாதத்தில் வருவது அங்கே ஒரு வாரத்தில் வரும். ஒன்றும் தெரியாத பிள்ளையைக் கூட்டிப்போனால் அது சுற்றுலாதான்.

வீட்டில் காசு நெருக்கடி என்றால், கல்லூரி வயதில் என்சிசி என்ற வழி ஒன்றும் இருப்பதை மறக்க வேண்டாம். என்சிசியில் குதிரைகளுக்கென்றே ரிமவுண்ட் அண்ட் வெட்டர்னரி என்ற பிரிவு உண்டு. சென்னையில் அது வேப்பேரியில் இருக்கும், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது உதவாது, அண்ணன் அக்காவுக்கு உதவலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு காலை முழுக்கச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுக் குதிரைகளைக் கவனியுங்கள். பிள்ளை கிட்டே போகும்போது குதிரை காதைப் பின்னால் மடக்கி ஒட்டவைத்தால் அதற்கு வெறுத்துப்போயிருக்கிறது. வயிற்றுப் பட்டை உரசும் இடத்தில் புண் இருக்கிறதா, விலா எலும்பு தெரிகிறதா, தொட்டியில் சுத்தமான தண்ணீர் நிற்கிறதா, குளம்பு வெடித்திருக்கிறதா? லாடம் அடிப்பவர் எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை வருகிறார் என்று கேட்டால், ஆறு, ஏழு வாரம் என்று யோசிக்காமல் பதில் வரவேண்டும். ஒரே குதிரையை மூன்று மணி நேரம் இறக்காமல் ஓட்டினால் அந்த இடம் வேண்டாம். குதிரையை இப்படி நடத்துகிறவர் உங்கள் பிள்ளையை எப்படி நடத்துவார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. வகுப்பு தொடங்கும்போது மாஸ்டர் வயிற்றுப் பட்டையை இரண்டு தடவை இறுக்குகிறாரா என்றும் பாருங்கள். முதல் தடவை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும். ஏறிய பிறகு சரிபார்க்காவிட்டால் சேணம் பிள்ளையோடு சேர்ந்து பக்கவாட்டில் சரியும்.

சாமான்களில் செலவழிக்க வேண்டியது ஹெல்மெட்டுக்கு மட்டும்தான். சைக்கிள் ஹெல்மெட் போதாது, பின்மண்டையைச் சரியாக மூடாது. குதிரையேற்றத்துக்கென்றே செய்ததைப் பிள்ளையின் தலையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பட்டையை மாட்டிவிட்டுத் தலையை வேகமாக ஆட்டச் சொல்லுங்கள், ஹெல்மெட் நகரக் கூடாது. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது, விரிசல் வெளியே தெரியாது. காலுக்கு அரை அங்குலமாவது குதி உள்ள, கணுக்காலை மூடும் ஷூ. குதி இல்லாத ஸ்போர்ட்ஸ் ஷூ அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடும், விழுந்தால் கால் மாட்டிக்கொள்ளும். மற்றபடி பேன்ட், கையுறை எல்லாம் மெதுவாக வாங்கலாம், பழைய லெக்கின்ஸே போதும். அப்புறம் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். குதிரை லாயத்து மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். ஐந்து வயதில் போட வேண்டிய ஊசி போட்டாகிவிட்டதா, பத்து வயது ஊசி எப்போது என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது எங்களுக்கு ஒன்பதாவது மாதம். மகள் கயிறு இல்லாமல் நடையும் டிராட்டும் ஓட்டுகிறாள். பாய்ச்சல் இன்னும் வரவில்லை, மாஸ்டரும் அவசரப்படுத்தவில்லை. போன வாரம் ஒரு கிளப்பிலிருந்து போன் வந்தது, இடம் இருக்கிறது, சேர்க்கிறீர்களா என்று. மனைவி சேர்க்கலாம் என்கிறாள், எனக்கு இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்று இருக்கிறது. மகளிடம் கேட்டோம். அங்கே அந்த வெள்ளைக் குதிரை வருமா என்று கேட்டாள். வராது என்றதும், அப்ப தை மாசம் பாக்கலாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் வகுப்புக்கு கேரட் நறுக்கப் போய்விட்டாள்.